ஹேண்ட் பிரேக் போடாதீங்க

பழைய ஊருக்குக் காரில் வருகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, மணிக்கூண்டுத் தெரு வழியாக உள்ளே நுழைவது. பார்க்க அகலமாகத்தான் இருக்கும். மதில் வாசலைத் தாண்டியதும் தெரு சுருங்கும். முதல் திருப்பத்தில் சைடு மிரரை மடக்க வேண்டும். அடுத்த திருப்பத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். திரும்பிப் போய்விடலாம் என்று நினைக்கும்போது பின்னால் வரிசையாக வண்டிகள் நிற்கும். ஹாரனில் வைத்த கையை ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள். கோட்டையைப் பார்க்கலாம், அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம் என்று ஆசையாகக் கிளம்பி வந்த புருஷனும் பெண்டாட்டியும் அந்த இடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். நீதான் இந்த வழி சொன்னாய், நீங்கதான் யாரையும் கேட்கவில்லை என்று.

சரியான வழி, கிழக்கு வாசலுக்கு வெளியே மைதானத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வருவது. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் சின்னவளுக்குப் பிழைப்பு இருந்திருக்காது.

சண்டை முற்றுகிற இடத்தில், சந்து முனையில் அவள் நிற்பாள். உடுப்புக்கு மேல் ஆம்பிளைச் சட்டை ஒன்றை மாட்டி, கையை முழங்கை வரை சுருட்டி விட்டிருப்பாள். குரல் கொடுக்க மாட்டாள். கையைத் தூக்கி, விரல்களை மட்டும் உள்பக்கமாக மடக்கிக் காட்டுவாள். அந்தக் கையைப் பார்த்ததும் வண்டிக்குள் இருக்கிறவர்களுக்குச் சாமியைப் பார்த்த மாதிரி இருக்கும். சந்துக்குள் திரும்பினால் இடது பக்கம் இரும்புக் கதவு. கதவுக்கு உள்ளே நீளமான முற்றம். முற்றத்தின் கடைசியில் இரண்டு வாசல் உள்ள ஒரு வீடு.

"வரட்டும், வரட்டும். ஒடிச்சு. இன்னும் ஒடிச்சு. இப்ப நேராக்குங்க. வரட்டும். போதும்."

டிக்கியை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவாள். நின்றுவிட வேண்டும் என்று அர்த்தம். வண்டிக்காரர் இறங்கி, வயிற்றை உள்ளிழுத்து, சுவருக்கும் கதவுக்கும் இடையில் நசுங்கி வெளியே வந்ததும் அடுத்த பாடம்.

"கியர்ல விடாதீங்க, நியூட்ரல்ல விடுங்க. ஹேண்ட் பிரேக் போடாதீங்க."

புதுசாக வருகிறவர்கள் முகம் மாறும். வண்டி ஓடிவிடாதா என்பார்கள்.

"எங்க ஓடும்? முன்னாடி ஒரு வண்டி, பின்னாடி ஒரு வண்டி. நடுவுல நாங்க இருக்கோம்."

அந்த முற்றத்தில் அப்படித்தான் பிழைக்க முடியும். ஆளுக்கு ஒரு இடம், போகவர வழி என்று விட்டால் நாலு வண்டி நிற்கும். பம்பரோடு பம்பர் ஒட்டி அடுக்கினால் அதைப்போல மூன்று மடங்கு நிற்கும். உள்ளே இருக்கிற வண்டியை எடுக்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளி, சந்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, இழுத்து வெளியே விட்டு, மறுபடியும் அடுக்க வேண்டும். கண்ணாடியை ஒரு சாண் இறக்கி வைக்கச் சொல்வார்கள், கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு. கல் பாவிய தரை, லேசான சரிவு, டயருக்குக் கொடுக்க மரக்கட்டைகள். தள்ளத் தெரிந்தால் பெரிய பலம் வேண்டாம். முதல் அசைவுக்குத்தான் பலம். அசைந்துவிட்டால் வண்டி தானே வரும்.

நடுவில் நாங்கள் இருக்கிறோம் என்று சின்னவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. இருந்தார்கள். சின்னவளும், அவள் அக்காவான பெரியவளும். தெருவில் எல்லாரும் அவர்களைப் பெரியவங்க, சின்னவங்க என்றுதான் சொன்னார்கள். இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பெரியவளின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கட்டிக்கொடுத்து வெளியூரில் இருந்தாள். சின்னவளைக் கட்டியவன் வேலைக்கென்று கிளம்பிப்போன ஊரிலேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. கதவிலிருந்து வீடு வரைக்கும் முற்றத்தின் நடுவில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு. இந்தப் பக்கம் சின்னவளுடையது, அந்தப் பக்கம் பெரியவளுடையது. இரண்டு பேருக்கும் ஆறேழு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

கோடு போட்டுவிடலாம். வண்டிகளுக்குக் கோடு தெரியாது. கதவு ஒன்றுதான். சின்னவள் பக்கத்துக்கு நீளமான வண்டி ஒன்று வந்தால் பெரியவள் பக்கத்து முன்வண்டியை நகர்த்தாமல் திருப்ப முடியாது. அதனால் பேசியாக வேண்டும். அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அந்த நேரத்துக்கு முற்றத்தில் யார் நிற்கிறார்களோ அவர் காதில் சொல்வது.

"சார், அந்தம்மாகிட்ட அந்த வெள்ளை வண்டியை ஒரு முழம் பின்னாடி எடுக்கச் சொல்லுங்க."

அந்தம்மா நாலடி தள்ளித்தான் நிற்பாள். சொன்னது காதில் விழுந்திருக்கும். ஆனாலும் அந்த ஆள் திரும்பி, திருவிழாவில் தொலைந்தவன் மாதிரி முழித்து, அதையே ஒருமுறை சொன்ன பிறகுதான் அவள் கை வண்டிமேல் படும். தள்ளி முடித்துவிட்டு அவளும் அதே ஆளிடம் சொல்வாள். "முன் சக்கரத்துக்குக் கட்டை குடுக்கச் சொல்லுங்க, சரிவு இருக்கு." கட்டை அதற்குள் வைக்கப்பட்டிருக்கும். கனமான வண்டி என்றால் பெரியவள் கோட்டைத் தாண்டி வந்து பக்கத்தில் தோளைக் கொடுப்பாள். இரண்டு தோள்களும் ஒரே டிக்கியில், ஒரே மூச்சில். தள்ளி முடிந்ததும் அவரவர் பக்கம்.

சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு போனார்கள். நிரந்தரமாக மாட்டிக்கொண்டவர் கண்ணாடிக்கடைக்காரர்தான். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. தினமும் வண்டியை இங்கேதான் விட்டார். நான் கடைக்காரனா உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரனா என்று கேட்பார். கேட்டுவிட்டு ஒரு நிமிடம் நிற்கவும் செய்வார், தபால் ஏதாவது இருக்கிறதா என்று.

சின்னவளுக்கு அக்காவைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் சுவர் வழியாக வந்தது. நடுச்சுவர் அரைச் செங்கல் கனம்தான். வெங்காயம் வதங்குகிற வாசனை வரும். தாளிப்பு வாசனை போன வருடத்தோடு நின்றது. டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொண்டாள். இருமல் வரும். போனில் மகளோடு பேசும் முணுமுணுப்பு வரும்; சர்க்கரை கூடியிருக்கிறதாம் என்பது அதில் ஒருமுறை காதில் விழுந்தது. சமீபமாக, நாற்காலியிலிருந்து எழும்போது ஒரு சத்தம். அம்மா என்றும் இல்லாமல் ஐயோ என்றும் இல்லாமல். முட்டி என்று சின்னவளுக்குத் தெரியும். முற்றத்திலும் பார்த்தாள். பெரியவள் முதல் அசைவுக்குக் காலை ஊன்றும்போது முகம் ஒரு பக்கமாகக் கோணியது. சின்னவள் அதன்பிறகு கனமான வண்டிகளை அந்தப் பக்கம் போகவிடாமல் தன் பக்கமே திருப்பிக்கொண்டாள். அதை யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை.

இனி அம்மாவின் கதையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மேலே போக முடியாது.

அப்போது கோடு இல்லை. ஒரே முற்றம், ஒரே அடுப்பு. அம்மா முன்னறையில் படுத்த படுக்கையாக இருந்தாள். ஒரு விடுமுறை நாள், ஊரே வந்து இறங்கியிருந்தது, முற்றத்தில் ஈ எறும்பு நுழைய இடமில்லை. மத்தியானம் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்தது, சந்து முனையில் நின்றது. ஸ்ட்ரெச்சர் உள்ளே வர வேண்டுமென்றால் வண்டிகள் நகர வேண்டும். எல்லாம் நகர்ந்தன. கதவை அடைத்தாற்போல நின்ற ஒரு நீல வண்டி மட்டும் நகரவில்லை. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. தெருவில் போனவர்களெல்லாம் சேர்ந்து தள்ளியும் டயர் தரையைத் தேய்த்ததே தவிர உருளவில்லை. கடைசியில் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, பானெட்டுகளுக்கு மேலே கை மாற்றிக் கை மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அம்மா இல்லை. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று ஒரு டாக்டரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அம்மாவைத் திருப்பிக் கொண்டுவந்த ஆம்புலன்ஸின் கதவு திறந்திருக்க, தெரு முழுக்க நின்று பார்க்க, சின்னவள் அக்காவைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னும் ஒரு வண்டி, இன்னும் ஒரு வண்டின்னு அடைச்ச. உன் பேராசைதான் அம்மாவைக் கொன்னுச்சு."

பெரியவள் ஆம்புலன்ஸுக்குள் ஏறி அம்மாவின் தலையைத் தாங்கிக்கொண்டாள். காரியமெல்லாம் முடிந்ததும் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கிக்கொண்டு வந்து, குனிந்து, ஒரே நாளில் கோட்டைப் போட்டு முடித்தாள். கொஞ்சம்கூட வளையாத கோடு.

கோடு போட்டு ஆறேழு வருடம் ஆன பிறகு, கண்ணாடிக்கடைக்காரர் பெரியவளிடமிருந்து ஒரு செய்தியைக் கொண்டுவந்த காலையில் தூறிக்கொண்டிருந்தது. சாதாரணமாகச் செய்தியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறவர், அன்று குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றார்.

"என்ன அண்ணே, சொல்லுங்க. வண்டியை நகர்த்தணுமா?"

"வண்டி இல்ல தங்கச்சி. உங்க அக்கா சொல்லச் சொன்னாங்க. மாப்பிள்ளை வர்றாராம், சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூட்டிட்டுப் போறாராம். இனிமே மக வீட்லதானாம். முட்டி முடியலையாம்."

சின்னவள் ஒரு வண்டியின் கண்ணாடியில் படிந்த தூறலைச் சட்டைக் கையால் துடைத்தாள். பிறகு பக்கத்து வண்டியையும் துடைத்தாள். அது யார் வண்டி என்று அவளுக்கே தெரியாது.

"அவங்க பக்கத்தையும் உங்களையே பார்த்துக்கச் சொன்னாங்க," என்றார் அவர். "கதவுச் சாவி எங்கிட்ட குடுத்து அனுப்பிடுவாங்களாம்."

"ஏன், சாவிக்குக் கால் இல்லையா? நாலடி நடந்து வராதா?"

"இதையும் போய்ச் சொல்லணுமா?"

"வேணாம்."

அவர் நின்றார். வேறு ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தார். இருந்தது. இருந்தது எதுவும் இன்னொருவர் வாயில் கொடுத்து அனுப்புகிற மாதிரி இல்லை. அவர் குடையை ஒருவழியாக விரித்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் அலமாரிகள் திறந்தன, பெட்டிகள் இழுபட்டன, பாத்திரங்கள் காகிதத்தில் சுற்றப்பட்டன. சின்னவள் இந்தப் பக்கம் முட்டையை வேகப் போட்டுவிட்டு மறந்துபோய், தண்ணீர் சுண்டி, ஓடு வெடிக்கிற சத்தம் கேட்டு ஓடினாள். பொறுக்கிச் சாப்பிட்டாள். கருகல் நாற்றம் அந்தப் பக்கமும் போயிருக்கும். பெட்டி இழுபடுகிற சத்தம் சற்று நின்று, மறுபடி தொடங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வந்தான். பெரிய கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறவன், எதையும் நேரத்துக்குச் செய்கிறவன், மணிக்கூண்டுத் தெரு வழியாகவே நுழைந்து ஒரு பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். சின்னத்தை என்று மரியாதையாகக் கூப்பிட்டான். முற்றம் காலியாக இருந்ததால் வண்டியைக் கடைசி வரை கொண்டுபோய்ப் பெரியவள் வாசலை ஒட்டி நிறுத்தினான், சாமான் ஏற்ற வசதியாக. சின்னவள் கதவருகில் நின்று அதைப் பார்த்தாள். தொழில்காரியின் கண் அது. எந்த வண்டி எங்கே நின்றால் எது எதற்கு முன்னால் வெளியேற வேண்டும் என்று யோசிக்காமலே தெரியும். மூலையில் நிற்கிற வண்டி கடைசியாகத்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கோட்டைக்குள் ஏதோ கண்காட்சி வேறு. பெரியவள் வெளியே வரவில்லை. உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் வழக்கத்தைவிட முன்னதாகவே சந்து முனைக்குப் போனாள். கையை முழுசாக நீட்டி, எதிர்த்தெருவுக்குப் போகிறவர்களையும் மறித்துக் கூப்பிட்டாள். கோட்டின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டையும் அடுக்கினாள். வரட்டும், வரட்டும், ஒடிச்சு, போதும். டிக்கியில் இரண்டு தட்டு. வண்டிக்காரர் இறங்கினார்.

"கியர்ல போட்டு விடுங்க. ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்து விடுங்க. கண்ணாடியை ஏத்திட்டுப் பூட்டிடுங்க."

தடிமனான ஆள் ஒருவர், போன முறை வந்தபோது போடக்கூடாது என்று சொன்னீர்களே என்றார்.

"அது போன முறை. இப்ப போடுங்க."

"எப்ப வரணும்?"

"அவசரமே இல்ல. நல்லா சுத்திப் பார்த்துட்டு வாங்க. அருங்காட்சியகத்துல மாடி இருக்கு, நிறைய பேர் பார்க்காமலே வந்துடறாங்க. தெற்கு மதில் மேல ஏறி நடந்தா காத்து நல்லா வரும்."

இத்தனை வருடத்தில் அவள் யாருக்கும் இவ்வளவு விவரமாக வழி சொன்னதில்லை. ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் எங்கே கிடைக்கும் என்று கேட்டது. ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற கடையைச் சொன்னாள். கடைசி வண்டி கதவை ஒட்டி நின்றதும் முற்றம் கல் சுவர் மாதிரி ஆகிவிட்டது. யாராலும் எதையும் ஒரு விரற்கடை அசைக்க முடியாது. அவளாலும் முடியாது. அவள் சந்தில் கிடந்த கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தாள். இதற்குமேல் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

மத்தியானம் மாப்பிள்ளை பெட்டிகளோடு வெளியே வந்தான். பார்த்தான். ஒரு பெட்டியைக் கீழே வைத்தான். முன்னால் நின்ற வண்டியைத் தள்ளினான், இன்னொன்றைத் தள்ளினான், நல்ல சட்டையில் அழுக்குப் படத் தள்ளினான்.

"சின்னத்தை, எதுவும் நகர மாட்டேங்குது."

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்காங்க போல."

"எல்லாருமா?"

"வெளியூர்க்காரங்க. சொன்னா கேக்குறாங்களா?"

"நான் காலையில வேலைக்குப் போகணும். இருட்டறதுக்குள்ள பாதி தூரமாவது போயிடணும். இவங்கெல்லாம் எப்ப வருவாங்க?"

"வரும்போது வருவாங்க மாப்பிள்ளை."

அவனுக்குக் கோபத்தில் காது சிவந்தது. அவன் பின்னால் பெரியவள் வந்து நின்றாள். போகிற உடுப்பு உடுத்தியிருந்தாள், தலை வாரி, கையில் பை. வாசலில் நின்றபடியே முற்றத்தை ஒருமுறை பார்த்தாள். ஏற்றிய கண்ணாடிகள். டயர்களுக்குக் கட்டை இல்லை; தேவைப்படவில்லை. அவளும் தொழில்காரிதான். ஒரு பார்வையில் எல்லாம் தெரிந்தது. மாப்பிள்ளையிடம், மணிக்கூண்டுப் பக்கம் போய் ஒரு டீ குடித்துவிட்டு, உடைந்த கண்ணாடிக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று விசாரித்துவிட்டு வா, எனக்கும் வெயிலில் கிளம்ப இஷ்டமில்லை என்றாள். அவன் வண்டிகளுக்கு இடையில் பக்கவாட்டில் நசுங்கி நசுங்கி வெளியேறினான்.

முற்றத்தில் வேறு யாரும் இல்லை. செய்தி கொண்டுபோக ஆள் இல்லை. பெரியவள் வண்டிகளைப் பிடித்துப் பிடித்து, முட்டியை மடக்காமல், கதவு வரைக்கும் வந்தாள். கடைசி வண்டியின் பானெட்டில் கை ஊன்றி நின்றாள். அது கோட்டின் சின்னவள் பக்கம்.

"ஹேண்ட் பிரேக் போடச் சொன்னியா?"

அக்காவின் குரல் இவ்வளவு கிட்டத்தில் கேட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. சுவர் வழியாக வருகிற குரலைவிட இது வயதானதாக இருந்தது.

"ஆமா."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்தான்."

"உள்ள இருந்து கேட்டேன்."

"கேட்டுட்டு ஏன் வெளிய வரல?"

"எத்தனை பேர்கிட்டதான் நீ சொல்றன்னு பார்த்தேன்." பெரியவள் மூக்கால் சிரித்தாள். "ஐஸ்கிரீமுக்கு அந்தக் கோடிக்கு அனுப்புனியே. அந்தக் கடையை மூடி ஆறு மாசம் ஆச்சுடி."

சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே நின்றுகொண்டது. வாளியிலிருந்து எழுந்து, வாளியை அக்கா பக்கம் தள்ளினாள். பெரியவள் சுவரைப் பிடித்து, அந்தச் சத்தத்தோடு உட்கார்ந்தாள்.

"இப்படி அடைச்சு வச்சா போக மாட்டேன்னு நினைச்சியா?"

"நினைக்கல. எதுவும் நினைக்கல." சின்னவள் சட்டைக் கையைச் சுருட்டினாள், இறக்கினாள். "கண்ணாடிக்காரர்கிட்ட சொல்லி அனுப்புறியே. சாவியைக்கூட அவர்கிட்டயா குடுத்து விடுவ? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீதானே அன்னைக்குத் தெருவுக்கு முன்னாடி என்னை அப்படிச் சொன்ன."

"சொன்னேன். அதுக்குன்னு இத்தனை வருஷமா? ஒரு வார்த்தை திருப்பித் திட்டியிருக்கலாம். செவுளோட ஒண்ணு விட்டிருக்கலாம். கோட்டைப் போட்டுட்டு ஊமையாட்டம் இருந்தே."

பெரியவள் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். சந்தில் யாரோ இரண்டு பேர் கையில் வரைபடத்தோடு போனார்கள்.

"அந்த நீல வண்டி," என்றாள்.

சின்னவள் எந்த வண்டி என்று கேட்கவில்லை.

"அதை உள்ள விட்டது நீதான்."

"நான் இல்ல."

"நான் அம்மாவுக்கு ஊட்டிட்டு இருந்தேன். நீ வரட்டும் வரட்டும்னு சொன்னது ஜன்னல் வழியா கேட்டுச்சு. கண்டிப்பா நீ நியூட்ரல்ல விடச் சொல்லியிருப்பன்னு நினைச்சேன். சொன்னியோ, மறந்தியோ, அந்த ஆள் காதுல விழலையோ. எதுவோ ஒண்ணு."

சின்னவள் வாயைத் திறந்தாள். தொப்பி போட்ட ஒரு ஆள் ஞாபகத்துக்கு வந்தான். கூட ஒரு பெண், வெயில் கண்ணாடியோடு. கோட்டை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். இந்த ஊரிலேயே பிறந்தீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். யாரும் அப்படியெல்லாம் விசாரிப்பதில்லை. பெருமையாக நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்ததில் அவர்கள் போய்விட்டார்கள். அந்த முகங்கள் அவளுக்கு இத்தனை வருடமும் ஞாபகம் இருந்தன. அக்கா உள்ளே விட்ட வண்டிக்காரனின் முகம் தனக்கு எப்படித் தெரியும் என்று அவள் ஒருநாளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் தோண்டுவதற்கு ஒன்றுமில்லை.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொல்லி? தெருவே நின்னு பார்த்துட்டு இருந்துச்சு. ஒருத்தி மேல பழி விழுந்தாச்சு. அது விழுந்த இடத்துலயே கிடக்கட்டுமே, இன்னொருத்தி மேல எதுக்கு? எனக்காவது மக இருக்கா, போன் போட்டு அழுவேன். நீ அதை வச்சுக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள தனியா என்ன பண்ணியிருப்ப?"

"அதுக்குப் பேசாம இருக்கணுமா?"

"பேசுனா வந்துரும்டி. உன் மூஞ்சியப் பார்த்துப் பேசிட்டே இருந்தா என்னைக்காவது ஒரு நாள் கோவத்துல அது வெளிய வந்துரும். எனக்கு என்னைத் தெரியும். கண்ணாடிக்காரர் மூலமா பேசுனா அந்தப் பயம் இல்ல. அவர்கிட்ட அதைச் சொல்லி அனுப்ப முடியாதுல்ல."

"இப்ப மட்டும் ஏன் சொன்ன?"

பெரியவள் முட்டியைத் தடவிக்கொண்டாள். "இப்பதான் போறேனே."

வெயில் சுவரிலிருந்து இறங்கி வண்டிகளின் முதுகில் கிடந்தது. சின்னவள் சந்துச் சுவரில் சாய்ந்து அப்படியே வழுக்கி, தரையில் உட்கார்ந்தாள். மன்னித்துக்கொள் என்று கேட்கலாம் என்று தோன்றியது. அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாத வீடு. உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள், சர்க்கரை குறைவாக. கொடுத்ததும் பெரியவள் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள், இவளுக்கு எப்படித் தெரியும் என்று.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்," என்றாள் சின்னவள்.

"இருந்து?"

இரண்டு நாளில் பேசித் தீர்க்கிற அளவு இல்லை அது. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. மாப்பிள்ளைக்குக் காலையில் வேலை வேறு. பெரியவள் டீயைக் கடைசி வரை குடித்தாள்.

சாயங்காலம் வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஐஸ்கிரீம் கிடைக்காத குடும்பம் முதலில் வந்து, முறைத்துக்கொண்டே வண்டியை எடுத்தது. தடிமனான ஆள், மாடி நன்றாக இருந்தது, சொன்னதற்கு நன்றி என்றார். ஒவ்வொரு வண்டி போனபோதும் சின்னவள் அதற்கு வழி காட்டினாள், வரட்டும் வரட்டும் என்று. யாரையாவது கொஞ்சம் நேரம் பேச்சில் பிடித்து நிறுத்தலாம். நிறுத்தவில்லை. முற்றத்தில் தரை தெரியத் தொடங்கியது. கோடு தெரிந்தது. கடைசியில் மூலையில் ஒரு வண்டிதான் நின்றது.

மாப்பிள்ளைக்கு அந்த முற்றத்திலிருந்து ரிவர்ஸ் எடுக்கத் தெரியவில்லை. இன்னொரு கண்ணாடியையும் உடைத்திருப்பான். சின்னவள்தான் பின்னால் நின்று கை காட்டினாள். வரட்டும். ஒடிச்சு. இன்னும் ஒடிச்சு. நேராக்குங்க மாப்பிள்ளை. வரட்டும். சந்தில் வண்டி நேரானதும் டிக்கியில் இரண்டு தட்டு தட்டினாள். கையை எடுக்காமல் கொஞ்சம் வைத்திருந்தாள்.

வண்டிக்குள்ளிருந்து பெரியவள் கண்ணாடியை இறக்கினாள். சாவியை நீட்டினாள். "மழை பேஞ்சா என் பக்கம் மூலையில நிறுத்தாதே, தண்ணி நிக்கும். ஏதாவது வண்டிக்காரன் சண்டைக்கு வந்தான்னா கண்ணாடிக்காரரைக் கூப்பிடு, சும்மா நீயே கத்தாதே."

"சரி."

"தோளால தள்ளாதே. திரும்பி நின்னு முதுகால தள்ளு. தோளால தள்ளித்தான் எனக்கு முட்டி போச்சு."

"சரிக்கா."

"கிழக்கு வாசல் வழியா போகச் சொல்லு இவனை."

மாப்பிள்ளை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். சின்னவள் குனிந்து, கிழக்கு வாசல் வழியா போங்க மாப்பிள்ளை, அந்தப் பக்கம் அகலம் என்றாள். வண்டி நகர்ந்தது. திருப்பத்தில் பிரேக் விளக்கு ஒருமுறை எரிந்தது. அந்த இடத்தில் எல்லாரும் பிரேக் போட்டுத்தான் ஆக வேண்டும்.

மறுநாள் காலை கண்ணாடிக்கடைக்காரர் வந்து, கோட்டின் இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினார். நியூட்ரல். கண்ணாடி ஒரு சாண் இறக்கம். இறங்கி, பூட்டுத் தொங்குகிற வாசலைப் பார்த்தார். வழக்கம்போல ஒரு நிமிடம் நின்றார்.

"ஏதாவது சொல்லணுமா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"சாவியை எங்கிட்ட குடுக்கவே இல்ல அவங்க."

"எங்கிட்டயே குடுத்துட்டா."

அவர் அதை நம்பாத மாதிரி பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார்.

திங்கட்கிழமை. கூட்டம் இருக்காது. முற்றத்தில் ஒரே ஒரு வண்டி. சின்னவள் கொஞ்ச நேரம் வாளிமேல் உட்கார்ந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் வண்டி ஜன்னலுக்குள் கையை விட்டு ஸ்டியரிங்கை அந்தப் பக்கமாக ஒடித்தாள். டயரிலிருந்து கட்டையை எடுத்தாள். பின்னால் போய்த் தோளைக் கொடுத்தவள், நின்று, திரும்பி, முதுகை டிக்கியில் சாய்த்துக் காலை ஊன்றினாள். முகம் இப்போது தெருவைப் பார்த்து இருந்தது. முதல் அசைவுக்குத்தான் பலம் வேண்டியிருந்தது. வண்டி கோட்டின்மேல் ஏறி, தாண்டி, அக்கா வாசலைப் பார்க்கப் போய் நின்றது.

கட்டையைக் கொண்டுபோய் முன் சக்கரத்துக்குக் கொடுத்தாள். அங்கே சரிவு இருந்தது.